கூண்டுக் கொடுவாவும் காக்கும் தீனியும்

கேலாங் சிராய் ஈரச்சந்தையில் கொடுவா தேடி வாங்கப்படும் மீன். மலாய்க் குடும்பங்கள் அதை சியாக்காப் என்று கேட்டு வாங்குகின்றன. கேலாங் சாலையோரச் சீன உணவகங்களில் இஞ்சியும் சோயாவும் சேர்த்து ஆவியில் வேகவைக்கிறார்கள். நம் வீடுகளில் அது புளிக்குழம்பாகிறது. சிங்கப்பூர் தின்னும் கொடுவாவில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. பண்ணை மீனின் சதை அது தின்ற தீவனத்திலிருந்து உருவானது. ஆகவே அந்தத் தீவனத்தில் என்ன இருந்தது, மீன் நலமாக வளர்ந்ததா என்ற கேள்விகள் பண்ணைக்காரரோடு நிற்பவை அல்ல. தட்டுக்கு முன் உட்கார்கிறவருக்கும் உரியவை.

சிங்கப்பூர் இதை 2015ஆம் ஆண்டில் கடுமையாக உணர்ந்தது. அந்த ஆண்டு வரை கஞ்சிக் கடைகளில் நன்னீர் மீனை மெல்லிய சீவல்களாக வெட்டி, நல்லெண்ணெய் தெளித்துப் பச்சையாகப் பரிமாறுவது வழக்கம். திடீரென்று மூளை உறை அழற்சி, மூட்டுத் தொற்று, இரத்தத் தொற்று என்று மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலர் அதற்கு முன் நோய் நொடி இல்லாதவர்கள். காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியா, அதிலும் எஸ்.டி. 283 என்ற வகை. பச்சை நன்னீர் மீனோடு அதற்கு இருந்த தொடர்பு உறுதியானதும், உடனே உண்ணும் உணவில் பச்சை நன்னீர் மீனைப் பயன்படுத்துவதை அவ்வாண்டு டிசம்பரில் அரசு தடைசெய்தது. தென்கிழக்காசியாவின் பண்ணைத் திலாப்பியாக்களிலும் இதே வகை பரவியிருப்பதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மீனுக்கு வந்த நோய் மனிதரின் நோயாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நன்கு வேகவைத்தால் இந்தக் கிருமி அழிந்துவிடும். ஆனால் அது சமையலறையின் தீர்வு. மீன் பண்ணையிலேயே நோயின்றி வளர வழி என்ன? அந்தக் கேள்விக்கு உலகெங்கும் மீன் அறிவியலாளர்கள் தேடிவரும் விடைகளில் ஒன்று, தீவனத்தில் சிறிதளவு கலக்கப்படும் நலச் சேர்க்கைகள். உடல் வளர்க்கும் புரதமும் கொழுப்பும் போக, குடலையும் நோய் எதிர்ப்புத் திறனையும் பேணுவதற்கென்றே சேர்க்கப்படுபவை இவை: நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், ஈஸ்ட்டின் செல்சுவர், கரிம அமிலங்கள், மூலிகைச் சாறுகள்.

ஒடுங்கிய கடலில் ஒரு பண்ணை

சிங்கப்பூரின் கடல் பண்ணைகளில் பெரும்பாலானவை ஜோகூர் நீரிணையில் மிதக்கின்றன. புலாவ் உபின் பக்கமும் லிம் சூ காங் பக்கமும் மரத்தாலோ பிளாஸ்டிக் குழாய்களாலோ கட்டிய சட்டங்களில் வலைக்கூண்டுகள் தொங்குகின்றன. நீரிணை குறுகலானது. சிங்கப்பூரை ஜோகூரோடு இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் கற்களைக் கொட்டிக் கட்டிய அணை என்பதால், நீரிணையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்துவிட்டது. நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக் கழுவிச் செல்ல வழியில்லை. இரு கரைகளின் நகரங்களிலிருந்து வரும் சத்துப்பொருள்கள் தேங்க, மிதவைப் பாசிகள் சில வேளைகளில் வெடித்துப் பெருகுகின்றன. 2014ஆம் ஆண்டும் 2015ஆம் ஆண்டும் அப்படிப் பெருகியபோது பண்ணைகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2015இல் மட்டும் இழப்பு 500 டன்னைத் தொட்டது.

வெப்பமும் ஒரு காரணி. இங்கே கடல்நீர் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டுப் பண்ணைக்குக் கிடைக்கும் குளிர்கால ஓய்வு இங்கே இல்லை. கிருமிகள் பன்னிரண்டு மாதமும் பெருகலாம். வைப்ரியோ, டெனாசிபாகுலம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே போன்ற பாக்டீரியாக்களோடு வைரஸ்களும் கொடுவாவை வாட்டுகின்றன. அவற்றுள் கொடியது செதில் உதிர் நோய். 1992இல் பினாங்கில் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோய் பின்னர் சிங்கப்பூர்ப் பண்ணைகளிலும் தலைகாட்டியது. ஒரு புதிய வைரஸ்தான் அதற்குக் காரணம் என்பதை 2015இல் ஆய்வாளர்கள் நிறுவினர். நோய் கண்ட மீனின் செதில்கள் கொத்தாக உதிரும். பெரும்பாலும் நன்கு வளர்ந்த மீன்களையே அது கொல்லும்.

இந்தப் பின்னணியில் பண்ணைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நீரோட்டம் அவர் சொல் கேட்காது. வெப்பம், பாசி, பக்கத்துப் பண்ணையின் கிருமி எதுவும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. ஒவ்வொரு நாளும் அவர் கை வழியாகவே மீனுக்குப் போய்ச் சேர்வது தீவனம். மீனின் உடலுக்குள் நுழைய அவருக்கு இருக்கும் அன்றாட வாசல் அதுதான்.

கழிவு மீனிலிருந்து குச்சித் தீவனத்துக்கு

முன்பெல்லாம் கூண்டு மீனுக்கு, விலைபோகாத சிறு மீன்களை நறுக்கிப் போடுவார்கள். மலிவானது, மீனும் விரும்பித் தின்னும். ஆனால் அது கிருமிகளைக் கூண்டுக்குள் நேராகக் கொண்டுவரும் வழி. நெத்தலி, மத்தி போன்ற சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, வைட்டமின் பி1ஐச் சிதைத்துக் குறைபாட்டையும் உண்டாக்கும். ஒரு கிலோ கொடுவா வளர்க்க நான்கு கிலோவுக்கும் மேல் கழிவு மீன் தேவைப்படும். உலர்ந்த குச்சித் தீவனமோ ஒன்றரைக் கிலோ அளவில் போதும்.

நலச் சேர்க்கைகளைப் பற்றிப் பேசவே முடிவதும் குச்சித் தீவனம் வந்த பிறகுதான். நறுக்கிய மீனில் எதையும் அளந்து கலக்க இயலாது. ஒரே சீரான மாவில் கிலோவுக்கு 1 கிராம் என்று கணக்கிட்டுக் கலந்து, ஒவ்வொரு வாய்க்கும் ஏறத்தாழ அதே அளவு போய்ச் சேரும்படி செய்ய முடிவது தொழிற்சாலைத் தீவனத்தில் மட்டுமே.

குடல் என்னும் எல்லை

மீனின் தோல், செவுள், குடல் மூன்றும் எந்நேரமும் நீரைத் தொட்டுக்கொண்டிருப்பவை. கடல்நீரின் ஒவ்வொரு சொட்டிலும் ஆயிரக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கும். அவற்றுக்கும் மீனின் இரத்தத்துக்கும் நடுவே குடலில் இருப்பது ஒரே அடுக்குச் செல்களும் அதன்மேல் படிந்த வழவழப்பான சளிப்படலமும்தான். அந்த அடுக்கில் செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்தால் கிருமி உள்ளே போய்விடும்.

மீனுக்கு நம்மைப் போன்ற நினைவாற்றல் உள்ள எதிர்ப்புத் திறனும் உண்டு. தடுப்பூசி அதை நம்பியே வேலை செய்கிறது. ஆயினும் பிறவியிலேயே அமைந்த முதல்நிலைப் பாதுகாப்பை மீன் பெரிதும் சார்ந்திருக்கிறது: கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம், சளியில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள். நலச் சேர்க்கைகள் குறிவைப்பது முக்கியமாக இந்த இரண்டையும்தான்: குடலின் எல்லை, முதல்நிலைப் பாதுகாப்பு.

சேர்க்கைகள் வேலை செய்யும் விதம்

முதலில் நல்ல நுண்ணுயிர்கள். பேசில்லஸ் சப்டிலிஸ், லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் போன்றவை மீன் தீவனத்தில் பரவலாகப் பயன்படுகின்றன. குடல்சுவரில் இடம்பிடித்துக் கெட்ட கிருமிக்கு இடமில்லாமல் செய்வது ஒரு வேலை. கிருமிகளுக்கு எதிரான சிறு புரதங்களைச் சுரப்பது மற்றொன்று. இன்னொரு நுட்பமும் உண்டு. வைப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் தங்கள் எண்ணிக்கை போதிய அளவு ஆகிவிட்டதா என்பதைச் சில மூலக்கூறுகளை வெளியிட்டு ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும். ஆள் சேர்ந்த பிறகே நச்சைச் சுரக்கும். பேசில்லஸ் வகைகள் சில அந்த அறிவிப்பு மூலக்கூறுகளை நொதியால் உடைத்துவிடுகின்றன. கிருமி சாகாமலே அடங்கிப்போகிறது.

பேசில்லஸுக்குத் தொழிற்சாலையில் ஒரு தனி மதிப்பு உண்டு. குச்சித் தீவனம் நூறு பாகையைத் தாண்டும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிழியப்படுகிறது. லாக்டோபேசில்லஸ் அதில் பிழைக்காது. தீவனம் ஆறிய பிறகு எண்ணெயோடு கலந்து மேலே பூச வேண்டும். பேசில்லஸ் வித்துவடிவில் உறங்கிக்கிடப்பதால் வெப்பத்தைத் தாங்கி, குடலை அடைந்ததும் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது ஈஸ்ட். ரொட்டியைப் புளிக்கவைக்கும் அதே சக்கரோமைசீஸ் செரவிசியேயின் செல்சுவரிலிருந்து இரண்டு சேர்க்கைகள் கிடைக்கின்றன. ஒன்று பீட்டா-குளூக்கான். பூஞ்சைகளின் சுவரில் இருக்கும் இந்த மாவுப்பொருளை மீனின் மேக்ரோஃபேஜ் செல் பார்த்ததும், பூஞ்சை தாக்க வந்துவிட்டது என்று கருதி விழிப்படைகிறது. உயிருள்ள எதிரி இல்லாததால் நோய் வராது. ஆனால் செல்கள் தயார்நிலைக்கு வந்துவிடும். தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் ஒத்திகையைப் போல இது. மற்றது மன்னன் ஒலிகோசாக்கரைடு. பல பாக்டீரியாக்கள் தம் நுண்ணிழைகளால் குடல்செல்லின் மேல் உள்ள மன்னோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டே ஒட்டுகின்றன. தீவனத்தில் அதே மன்னோஸ் மிதந்துவந்தால் அவை அதைப் பற்றிக்கொண்டு கழிவோடு வெளியேறிவிடும்.

கரிம அமிலங்களின் வேலை வேறு வகையானது. ஃபார்மிக் அமிலமும் அதன் உப்புகளும், சார்பிக் அமிலமும் பிரியாத மூலக்கூறாகவே பாக்டீரியாவின் சவ்வை ஊடுருவும். உள்ளே போனதும் பிரிந்து அமிலத்தன்மையைக் கூட்டும். பாக்டீரியா அதை வெளியேற்றப் போராடுவதிலேயே சக்தியை இழந்து பெருக முடியாமல் போகும். பியூட்ரிக் அமிலம் மட்டும் குடல்செல்லுக்கே எரிபொருளாகி, குடல்சுவரின் மடிப்புகளை உயரமாக வளர்க்கும்.

வைட்டமின் சி இல்லாமல் இந்தப் பட்டியல் முழுமை அடையாது. எலும்பு மீன்கள் பெரும்பாலும் அதைத் தாமே உருவாக்க முடியாதவை. குறைந்தால் முதுகெலும்பு வளையும், காயம் ஆறாது, கிருமியை எதிர்க்கும் திறனும் குன்றும். சாதாரண வைட்டமின் சி தீவனம் பிழியும் வெப்பத்தில் சிதைவதால், பாஸ்பேட்டோடு பிணைத்து உறுதியாக்கிய வடிவத்தையே சேர்க்கிறார்கள்.

பூண்டும் மஞ்சளும்

நமக்குப் பழகிய பொருள்களும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கின்றன. பூண்டு, மஞ்சள், இஞ்சி, வேம்பு, கீழாநெல்லி, துளசி ஆகியவற்றைத் தீவனத்தில் சேர்த்துத் திலாப்பியா, கெண்டை, கொடுவா, இறால் ஆகியவற்றில் பல ஆய்வுகள் நடந்துள்ளன. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் பாக்டீரியாவைத் தடுக்கிறது. தீனியின் வாசனையைக் கூட்டி மீனை ஆர்வமாகத் தின்னவும் வைக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில் தவிடு, வெல்லம், ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்த சாற்றைக் குளத்தில் விடுவதும், பூண்டுச் சாற்றைத் தீவனத்தில் தெளித்துக் கொடுப்பதும் பலர் கைக்கொள்ளும் முறைகள்.

இந்த அனுபவ அறிவை நான் மதிக்கிறேன். அதே நேரம் அதில் உள்ள இடைவெளியையும் சொல்ல வேண்டும். ஒரே பூண்டு, மண்ணையும் பருவத்தையும் பொறுத்து வேறு வேறு அளவு அல்லிசின் தரும். நசுக்கிய பூண்டைச் சில நாள் வைத்திருந்தால் அல்லிசின் சிதைந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். எந்தச் சாற்றில் எவ்வளவு செயல்பொருள் இருக்கிறது என்று அளந்து நிலைப்படுத்தாதவரை, ஒரு குளத்தில் கிடைத்த பலன் அடுத்த குளத்தில் கிடைக்காது. கை வைத்தியத்தை அறிவியலாக்குவது இந்த அளவுகோல்தான்.

தடுப்பூசி எட்டாத வயது

நலச் சேர்க்கைகளின் பயன் மிகத் தெளிவாகத் தெரிவது மீனின் முதல் சில வாரங்களில். முட்டையிலிருந்து வெளிவந்த கொடுவாக் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதன் நினைவாற்றல் உள்ள எதிர்ப்புத் திறன் முதிரச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் தடுப்பூசி பயன் தராது. ஊசி போடும் அளவுக்கு உடலும் இல்லை. ஆனால் வாய் திறந்த நாள் முதல் அது தின்னத் தொடங்கிவிடும். பொரிப்பகங்களில் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்னும் நுண் உயிர்களை அதற்கு உணவாகத் தருவார்கள். அந்த நுண் உயிர்களுக்கே முதலில் நல்ல பாக்டீரியாவையும் ஒமேகா-3 கொழுப்பையும் ஊட்டிவிட்டால், அவை குஞ்சின் வெறுமையான குடலுக்குள் முதல் குடியேறிகளாகப் போய்ச் சேரும்.

2003இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் கடல்வாழ் உயிரின வளர்ப்பு மையம் தொடங்கப்பட்டது முதல் நல்ல மீன்குஞ்சை உருவாக்குவதில் சிங்கப்பூர் அக்கறை காட்டிவந்திருக்கிறது. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் விரைந்து வளரும் கொடுவா மரபுவழியைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தது. சென்னையில் 1987இல் அமைந்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் கொடுவாவை வளர்ப்பிடத்தில் வைத்து இனப்பெருக்கம் செய்ய 1997இல் வழிகண்டு, அதற்கென உள்நாட்டுத் தீவனத்தையும் உருவாக்கியது. நல்ல இனம், நல்ல குஞ்சு, நல்ல தீனி மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை இரு கரைகளும் ஒரே காலகட்டத்தில் கற்றுக்கொண்டன.

தாவரப் புரதம் தரும் சிக்கல்

கொடுவா ஊன் உண்ணி. அதன் தீவனத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் வேண்டும். இதை முழுக்க மீன்மாவால் கொடுத்தால், வளர்ப்பு மீனுக்காகக் கடல் மீனை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சோயா உள்ளிட்ட தாவரப் புரதங்களைச் சேர்க்கிறார்கள். சோயாவில் உள்ள சப்போனின் குடலில் அழற்சியை உண்டாக்கும் என்பது சால்மன் மீனில் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. டிரிப்சின் தடுப்பான்கள் செரிமானத்தைக் கெடுக்கும். ஃபைடிக் அமிலம் பாஸ்பரஸைப் பூட்டிவைக்கும். போதாததற்கு மெத்தியோனின், டாரின் ஆகிய அமினோ அமிலங்களும் தாவரப் புரதத்தில் குறைவு.

குடலைப் பேணும் சேர்க்கைகளின் தேவை வளர்ந்ததற்கு இது பெரிய காரணம். கடலைக் காப்பதற்காகத் தீவனத்தை மாற்றினோம். மாற்றிய தீவனத்தை மீனின் குடல் தாங்க வேண்டும். ஃபைடேஸ் நொதி, பூட்டிய பாஸ்பரஸை விடுவிக்கிறது. கழிவில் பாஸ்பரஸ் குறைவதால் பாசிக்குக் கிடைக்கும் உரமும் குறைகிறது. ஜோகூர் நீரிணைக்கு இதன் பொருள் பெரிது. மெத்தியோனினைப் பொறுத்தவரை, எவோனிக் நிறுவனம் 2014இல் ஜூரோங் தீவில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 1,50,000 டன் உற்பத்தித் திறனோடு தொடங்கியது. அதன் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது என்றாலும், மீன் தீவனத்தின் ஒரு முக்கிய மூலப்பொருள் இத்தீவிலேயே உருவாகிறது.

எதை நம்புவது, எதை நம்பக்கூடாது

இந்தச் சேர்க்கைகளை விற்பவர்கள் பலர். எனவே ஆய்வு முடிவைப் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான சோதனையில், சேர்க்கை கலந்த தீவனமும் கலக்காத தீவனமும் தனித்தனித் தொட்டிகளில் சில வாரங்கள் தரப்படும். பிறகு இரு பக்க மீன்களிலும் கிருமியைச் செலுத்தி எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்பார்கள். திலாப்பியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேயை எதிர்த்துப் பேசில்லஸ் கலந்த தீவனம் உயிரிழப்பைக் குறைத்ததாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் தொட்டியின் நீர் தூயது, மீன்கள் குறைவு, கிருமி ஒன்றே ஒன்று. நீரிணையில் எல்லாம் கலந்தே வரும். லைசோசைம் கூடியது, ஏதோ ஒரு மரபணு கூடுதலாக இயங்கியது என்பவை மட்டும் போதாது. மீன் பிழைத்ததா என்பதே கேள்வி.

அளவும் காலமும் முக்கியம். பீட்டா-குளூக்கானை அதிக அளவில் இடைவிடாமல் கொடுத்தால் எதிர்ப்புத் திறன் சோர்ந்துபோவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கூண்டு மாற்றுதல், தரம் பிரித்தல், தடுப்பூசி போடுதல் போன்ற நெருக்கடிகளுக்குச் சில வாரங்கள் முன்பு கொடுத்து நிறுத்துவதே பொருத்தம். வெயிலில் கிடக்கும் தீவன மூட்டையில் நல்ல நுண்ணுயிர் உயிரோடு இருக்காது. பாசி பெருகி ஆக்ஸிஜன் தீர்ந்த நீரில் எந்தச் சேர்க்கையும் மீனைக் காக்காது. செதில் உதிர் நோய் போன்ற வைரஸுக்குத் தடுப்பூசியும், குஞ்சுகளைச் சோதித்து விடுவதும், பண்ணைச் சுத்தமும்தான் முதன்மை. நெருக்கிய கூண்டையும் அழுக்கு வலையையும் அப்படியே வைத்துக்கொண்டு தீவனத்தில் மட்டும் மருந்தைத் தேடுவது பயன் தராது.

இவ்வளவு எல்லைகள் இருந்தும் இந்தத் துறையை நான் வலியுறுத்தக் காரணம், மாற்று வழியின் ஆபத்து. நோய் வந்த பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொட்டினால் அவை நீரில் பரவி, எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளை வளர்க்கும். நார்வே 1987இல் சால்மன் பண்ணைகளில் சுமார் 50 டன் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படுத்தியது. நல்ல தடுப்பூசிகளும் பண்ணை ஒழுங்கும் வந்த பிறகு அது அண்மை ஆண்டுகளில் ஒரு டன்னுக்கும் கீழே போய்விட்டது. மீன் உற்பத்தியோ பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. நோயைத் தடுப்பதே மலிவு என்பதை அந்நாடு செய்து காட்டிவிட்டது. வெப்பமண்டலத்தில் கிருமிகள் அதிகம், எல்லாவற்றுக்கும் தடுப்பூசி இல்லை. அந்த இடைவெளியில்தான் தீவனத்தின் பங்கு கூடுகிறது.

ஒரு சிறு கணக்கு

ஒரு பண்ணையில் 10,000 கொடுவாக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 600 கிராம் வளர்ந்தால் 6 டன் மீன். கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ என்ற கணக்கில் 9 டன் தீவனம். அவற்றில் 2,000 மீன்கள் அரைக் கிலோ எடையில் இறந்தால் ஒரு டன் மீன் போகிறது. அவை அதுவரை தின்ற ஒன்றரை டன் தீவனமும் போகிறது. கிலோவுக்கு 1 கிராம் சேர்க்கை என்றால் மொத்தத் தேவை 9 கிலோ. இறப்பில் கால்பங்கை அது தடுத்தால்கூட 500 மீன்களும், அவை தின்ற 375 கிலோ தீவனமும் மிஞ்சும். பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் தொழிலில் இது சிறிய தொகை அல்ல.

நாட்டின் கணக்கும் இதேதான். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், 2030க்குள் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் விளைவிக்க 2019இல் இலக்கு வைத்தது. 2025 நவம்பரில் அது மாற்றப்பட்டு, முட்டையும் கடலுணவும் அடங்கிய புரதத்தில் 30 விழுக்காடு, நார்ச்சத்துள்ள காய்கறிகளில் 20 விழுக்காடு என்று 2035க்கான இலக்கு வகுக்கப்பட்டது. இன்று இங்கு உண்ணப்படும் கடலுணவில் உள்நாட்டுப் பண்ணைகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. புதிய கூண்டுகளுக்கு நீரிணையில் இடம் அதிகமில்லை. இருக்கும் கூண்டுகளில் விட்ட குஞ்சுகள் சந்தை வரை உயிரோடு வந்து சேர்ந்தாலே உற்பத்தி உயரும்.

அதற்குப் பண்ணைக்காரருக்குத் தேவை விளம்பரத் தாள் அல்ல. தம் நீரிலேயே, தம் மீனிலேயே சோதித்துப் பார்த்த முடிவு. ஆய்வகங்களின் தொட்டிச் சோதனைகள் நீரிணைக் கூண்டுகளுக்கு வர வேண்டும், முடிவுகள் நல்லதோ கெட்டதோ சிறு பண்ணைகளுக்கும் தெரியவர வேண்டும். வாங்குகிற நாமும் செய்யக்கூடியது உண்டு. மீன் எங்கே வளர்ந்தது, என்ன தின்றது, மருந்து போட்டார்களா என்று கடைக்காரரிடம் கேட்போம். வாடிக்கையாளர் தொடர்ந்து கேட்கும் கேள்வி மொத்த வியாபாரி வழியாகப் பண்ணைக்குப் போய்ச் சேரும். நலமாக வளர்த்த மீனுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க மக்கள் தயார் என்று தெரிந்தால், நல்ல தீனி போடும் பண்ணைக்காரர் நிலைத்து நிற்பார்.